“டக்” என்னும் ஓசை

அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலு நாள் ஆகியிருக்கும். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு குடும்பம் மோட்டாரில் கிளம்புகிறது. முன் ஆசனத்தில் தகப்பனார். பின்னால் பாட்டியும் அம்மாளும் இரண்டு குழந்தைகளும். செங்கற்பட்டு தாண்டுவதற்குள்ளேயே பாட்டி விசிறியைத் தேட ஆரம்பித்துவிடுகிறாள். ஏ.ஸி. பொத்தானை அமுக்கியாகிவிட்டது; பொத்தானில் விளக்கும் எரிகிறது; காற்றும் ‘ஹோ’ என்று வீசுகிறது. ஆனால் வருவது குளிர் காற்று அல்ல. வெளியே தார் ரோட்டின் மேல் என்ன காற்று அடிக்கிறதோ அதே காற்றைத்தான் வடிகட்டி முகத்தில் வீசிக்கொண்டிருக்கிறது அந்த யந்திரம்!

இம்மாதிரி சமயங்களில் ஆலோசனை சொல்வதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. பெட்ரோல் பங்கிலே ஒருவர், “காஸ் தீர்ந்து போயிருக்கும், ஸார்! போட்டுவிட்டால் சரியாய்ப் போய்விடும்” என்கிறார். பட்டறையில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கம்ப்ரஸரே போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டியதுதான்” என்று தீர்ப்புக் கூறுகிறார். கூட வந்த மைத்துனரோ, “அதெல்லாம் வேண்டாம், அத்திம்பேர்! பாட்டரியிலிருந்து ஒரு கம்பியை நேராக இழுத்துக் கொடுத்தால் கம்ப்ரஸர் தானே ஓடுகிறது” என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்புகிறார். இந்த மூன்று யோசனைகளில் முதலாவது சில சமயம் பாதி சரி. இரண்டாவது அபூர்வமாகச் சரி. மூன்றாவது யோசனையைக் கேட்டால், இரண்டாவது யோசனை கூடிய சீக்கிரத்தில் உண்மையாகிவிடும்.

விஷயம் என்னவென்றால், ஓட மறுக்கும் கம்ப்ரஸர் பெரும்பாலும் வியாதியாய்ப் படுத்திருக்கவில்லை. ஒன்று, “ஓடு” என்ற கட்டளை அதன் காதுக்கு எட்டவில்லை. அல்லது, “ஓடாதே, ஓடினால் கெட்டுப் போவாய்” என்று அதன் நன்மையை உத்தேசித்து ஒரு காவற்காரன் அதைத் தடுத்து வைத்திருக்கிறான். ஒத்துழையாமை செய்கிறவனிடம் முதலில் காரணத்தைக் கேட்க வேண்டுமே தவிர, தடியை எடுக்கக் கூடாது. நமது தேசத்தில் இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

“மோட்டாரில் குளிர்ச்சி இல்லாவிட்டால் குடியா முழுகிப் போகும்? நம் முன்னோர்கள் கட்டை வண்டியில் போகவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. கட்டை வண்டிக்கு நாலு பக்கமும் காற்று வந்தது. தார் ரோடும் இல்லை. கண்ணாடி அடைத்த இரும்புப் பெட்டிக்குள் வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் போவது வேறு சமாசாரம். 2025-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் உட்காரும் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே தீர வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. லாரி டிரைவருக்கே அவசியம் என்று ஏற்பட்டுவிட்ட பிறகு, பாட்டிக்கு அதை ஆடம்பரம் என்று சொல்வது நியாயமாகாது.

இனி யந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கம்ப்ரஸரின் வேலை, குழாய்களுக்குள் இருக்கும் காஸை இழுத்து அமுக்கி முன்னால் தள்ளுவது. அமுங்கிச் சூடேறிய காஸ், வண்டியின் முகப்பில் உள்ள கண்டென்ஸர் என்னும் சல்லடை போன்ற குழாய் அடுக்கில் தன் சூட்டை வெளிக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வால்வு வழியாகப் புகுந்து, நம் கால்களுக்கு முன்னால் மறைவாய் இருக்கும் எவாப்பரேட்டர் என்ற இன்னொரு குழாய் அடுக்கில் ஆவியாகிறது. ஆவியாகும்போது அங்கேயுள்ள உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண் பானையில் தண்ணீர் குளிருகிறதே, அதே தத்துவந்தான். பானையிலிருந்து போன ஆவி போனதுதான்; இங்கே போன ஆவியைப் பிடித்து மறுபடியும் சுற்றுக்கு அனுப்புகிறார்கள்.

கம்ப்ரஸரைச் சுழற்றுவது இஞ்சின். இஞ்சினிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் வந்து கம்ப்ரஸரின் மூக்கில் உள்ள சக்கரத்தைச் சுற்றுகிறது. இந்தச் சக்கரம் இஞ்சின் ஓடும் வரையில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை. சக்கரத்துக்கு முன்னால் வட்டமாக ஒரு தகடு, மயிரிழை இடைவெளி விட்டு நிற்கிறது. அந்தத் தகடுதான் கம்ப்ரஸரின் அச்சோடு சேர்ந்தது. சக்கரத்துக்குப் பின்புறம் ஒரு கம்பிச் சுருள். பொத்தானை அமுக்கினால் சுருளில் மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகிறது. காந்தம் தகட்டை இழுத்துச் சக்கரத்தோடு ஒட்ட வைக்கிறது. சக்கரமும் தகடும் ஒன்றாகச் சுற்ற, கம்ப்ரஸர் வேலையைத் துவக்குகிறது. தகடு ஒட்டும்போது “டக்” என்று ஓர் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்காதபோதுதான் இந்தக் கட்டுரைக்கு வேலை ஏற்படுகிறது.

இந்தக் காந்தக் கிளட்ச் ஆதி காலத்தில் கிடையாது. அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனியார் 1939-ல், தங்களுடைய 1940-ஆம் வருஷ மாடல் வண்டிகளில் முதன் முதலாகக் குளிர்சாதனம் வைத்து விற்றார்கள். பெல்ட் நேராகவே கம்ப்ரஸரைச் சுற்றியது. குளிர் போதும் என்று தோன்றினால் டிரைவர் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும்! மறுபடியும் வேண்டுமானால் மாட்ட வேண்டும். பாக்கார்டு வண்டி வாங்குகிறவர்களிடம் டிரைவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சட்டைகளின் கதி என்ன ஆயிற்றென்று சரித்திரத்தில் எழுதவில்லை. 1950-களில் காந்தக் கிளட்ச் வழக்கத்துக்கு வந்த பிறகுதான் பொத்தானை அமுக்கினால் குளிர், விட்டால் நின்றுவிடும் என்ற ஸௌகரியம் ஏற்பட்டது. ஸௌகரியத்தோடு கூடவே அதற்குரிய கோளாறுகளும் வந்து சேர்ந்தன.

பரீட்சையை எப்படி ஆரம்பிப்பது? ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து, இஞ்சினை ஓடவிட்டு, காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, ஏ.ஸி. பொத்தானை அமுக்க வேண்டும். காற்றாடியை வைக்கச் சொல்லுவது வேடிக்கைக்காக அல்ல. அநேக வண்டிகளில் காற்றாடி ஓடினால்தான் கம்ப்ரஸருக்குக் கட்டளையே போகும். காற்றாடியின் ஸ்விச்சு கெட்டுப் போய்க் கம்ப்ரஸர் மேல் பழி விழுவதும் உண்டு. இன்னொருவர் முன்னால் நின்று பார்க்கட்டும். பார்க்கிறவர் மேல் துண்டு, புடவைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி, நீண்ட பின்னல் எதுவும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகாதபடி ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. சக்கரத்தின் நடுவில் உள்ள தகட்டைக் கவனியுங்கள். அதுவும் சுற்றுகிறதென்றால் கிளட்ச் வேலை செய்கிறது. குளிராததற்குக் காரணம் வேறு. சக்கரம் மட்டும் சுற்றித் தகடு அசையாமல் நின்றால், மேலே படியுங்கள்.

முதலில் மலிவான பொருள்களைப் பார்க்க வேண்டும். ப்யூஸ் எரிந்திருக்கிறதா? எரிந்திருந்தால் அதே அளவுள்ள புது ப்யூஸ் ஒன்று போடலாம். அதுவும் உடனே எரிந்தால், எங்கேயோ கம்பி உரசுகிறது அல்லது சுருள் உள்ளுக்குள் கருகிவிட்டது என்று பொருள். அப்போது பெரிய ப்யூஸாகப் போட்டுப் பார்ப்பவர்கள் வீட்டுக்குத் தீயணைக்கும் படையை அழைக்கும் உத்தேசத்தோடு இருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தது ரிலே என்னும் சிறு பெட்டி. அநேகமாக ஹாரனுக்கோ வேறெதற்கோ அதே மாதிரி ரிலே ஒன்று பக்கத்திலேயே இருக்கும். எண்ணும் உருவமும் ஒன்றாயிருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். “டக்” கேட்டால், சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது.

இவை இரண்டும் சரி என்றால் ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் பட்டறைக்காரர் எதைக் கழற்றினாலும், “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லத் தங்களுக்குப் பூரண உரிமை உண்டு. கிளட்ச் வரையில் மின்சாரம் வந்து சேருகிறதா, இல்லையா? கிளட்சுக்குப் போகும் கம்பியில் ஒரு மீட்டரையோ சோதனை விளக்கையோ வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். பாட்டரியின் 12 வோல்ட்டும் ஏறக்குறைய அங்கே இருந்தால் குற்றம் கிளட்சில் இருக்கிறது. இல்லையென்றால் கிளட்ச் நிரபராதி; மின்சாரத்தை வழியில் நிறுத்தியவன் யார் என்று தேட வேண்டும். தண்ணீர் வரவில்லையென்றால் குழாயை உடைக்கிறோமா, தொட்டியைப் பார்க்கிறோமா?

மின்சாரம் வந்தும் தகடு ஒட்டாததற்குச் சுருள் அறுந்து போயிருப்பது ஒரு காரணம். மீட்டரில் அதன் மின் தடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சாதாரணமாக 3 முதல் 5 ஓம் வரையில் இருக்க வேண்டும். எல்லையில்லாத தடை காட்டினால் சுருள் அறுந்தது. எதிர்மின் கம்பி துருவேறி இஞ்சினோடு சரியாகத் தொடாமலிருப்பதும் உண்டு. கடலோர ஊர்க்காரர்கள் இதை முதலிலேயே பார்ப்பது நல்லது. ஆனால் எல்லாவற்றையும்விட மனிதனை ஏமாற்றுகிற காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தமிழ்ப் பண்டிதர் ஒருவர் பத்து வருஷத்துப் பழைய மோட்டார் வைத்திருக்கிறார். காலையில் கோவிலுக்குப் போகும்போது வண்டிக்குள் மார்கழி மாதம். பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, சித்திரை மாதம். பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டார். அவர்கள் மறுநாள் காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்துவிட்டு, “ஒன்றும் கோளாறில்லையே!” என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அதே கதை. இரண்டாந் தடவை காஸைப் புதிதாக நிரப்பினார்கள். மறுபடியும் அதே கதை. மூன்றாந் தடவை, கம்ப்ரஸரை மாற்ற 22,000 ரூபாய் ஆகும் என்று கணக்கெழுதிக் கொடுத்தார்கள். பண்டிதரின் பென்ஷனில் அது சிறிய தொகை அல்ல. அவர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தெருக்கோடியிலுள்ள வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனார். அந்த மனிதர் செய்த முதற்காரியம், பண்டிதரை உட்காரவைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெயிலில் சுற்றியது. “டக்” நின்ற பிறகு மூடியைத் திறந்து, கிளட்சில் மின்சாரம் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டார். அப்புறம் இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, விசிறி மட்டை போல் மெல்லிய தகடுகள் விரியும் ஓர் அளவுகோலைத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சந்தான் குறைச்சல்.

அதுதான் முழு மர்மமும். அந்த இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆயிரக் கணக்கான தடவை ஒட்டி ஒட்டி விலகியதில் தகடும் சக்கரமும் தேய்ந்து இடைவெளி அகலமாகிவிடுகிறது. காந்தம் எட்டத்தில் இருந்தால் இழுப்புக் குறையும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். காலையில் சுருள் குளிர்ந்திருக்கிறது. மின்சாரம் தாராளமாகப் பாய்கிறது. காந்தம் எப்படியோ தகட்டை எட்டிப் பிடித்துவிடுகிறது. இஞ்சின் சூட்டில் சுருள் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் செப்புக் கம்பியின் மின் தடை 100-க்கு 30 பங்கு அதிகமாகிறது. மின்சாரம் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைகிறது. காந்தத்தின் கை எட்டுவதில்லை. வண்டி ஆறினால் மறுபடியும் எட்டுகிறது. ஆகவே, ஆறிய வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர்கள் பொய் சொல்லவில்லை; பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிழ மெக்கானிக் தகட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் அச்சில் இருந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி பூட்டினார். இடைவெளி ஒழுங்குக்கு வந்தது. கூலி 600 ரூபாய். எல்லாக் கம்ப்ரஸர்களிலும் இப்படி வாஷரை எடுக்க முடியாது. சிலவற்றில் தேய்மானம் அதிகமாகித் தகட்டையும் சக்கரத்தையும் சுருளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அப்போதும் கிளட்சை மட்டும் மாற்றினால் போதும். முழுக் கம்ப்ரஸர் வேண்டியதில்லை. சென்ற வாரம் பண்டிதரைச் சந்தித்தபோது, அவர் அந்த 22,000 ரூபாய்க் கணக்குக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இனி, மின்சாரமே வந்து சேரவில்லையென்றால் என்ன என்று பார்ப்போம். மைத்துனரின் நேர்க் கம்பி வித்தை இங்கேதான் ஆபத்தாய் முடிகிறது. மின்சாரத்தை நிறுத்துகிற காவற்காரர்களில் முக்கியமானவன் காஸின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்விச்சு. புது வண்டிகளில் ஸ்விச்சுக்குப் பதிலாக அழுத்தத்தை இஞ்சினின் கம்ப்யூட்டருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு கருவி. பல வண்டிகளில், அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 28 பவுண்டுக்குக் கீழே போனாலும் கிளட்சை ஒட்ட விடமாட்டான். சுமார் 450 பவுண்டுக்கு மேலே போனாலும் விடமாட்டான்.

கீழே போனால் ஏன் தடுக்க வேண்டும்? குளிராமல் ஓடிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் அங்கேயே தங்குவதில்லை. காஸோடு கலந்து குழாய் முழுவதும் சுற்றி, காஸோடுதான் திரும்பி வருகிறது. காஸ் இல்லையென்றால் எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவர ஆள் இல்லை. எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர் சீக்கிரத்தில் தேய்ந்து இறுகிப் போகும். தேய்ந்த உலோகப் பொடி குழாய்களிலும் கண்டென்ஸரிலும் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்ரஸரை மாற்றுவதோடு போகாது. கண்டென்ஸர், வால்வு, ஈரம் உறிஞ்சும் டிரையர் எல்லாவற்றுக்கும் தண்டம் அழ வேண்டியதுதான். நேர்க் கம்பி கொடுப்பது என்பது வாசலில் நிற்கும் காவற்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே அழைப்பதாகும். கிளட்ச் உயிரோடிருக்கிறதா என்று அறிய, தேர்ந்த மெக்கானிக் ஒருவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு கணம் கம்பி தொட்டு “டக்” கேட்டுப் பார்ப்பது வேறு; அப்படியே கட்டிவிட்டு ஊருக்குப் புறப்படுவது வேறு.

“காஸ் தீர்ந்துவிட்டது” என்ற வார்த்தையையும் கொஞ்சம் கவனியுங்கள். பெட்ரோல் தீரும், ஏனென்றால் அது எரிகிறது. இந்தக் காஸ் எரிவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் அச்சின் சீல் வழியாகவும் வருஷத்துக்குச் சிறிது கசிவது சகஜம். ஆனால் காவற்காரன் கிளட்சைத் தடுக்கிற அளவுக்குக் குறைந்ததென்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று நிச்சயம். இதை வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டரை நினைத்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும் வரையில் அடுப்பு நன்றாகத்தான் எரியும். திரவம் தீர்ந்த பிறகுதான் ஜ்வாலை தணியும். மோட்டாரிலும் அப்படியே. இப்போது ஓடும் பெரும்பாலான வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்னும் காஸ், இஞ்சின் நின்று ஆறியிருக்கையில் 30 டிகிரி உஷ்ணத்தில் ஏறக்குறைய 97 பவுண்டு அழுத்தம் காட்டும். குழாயில் 450 கிராம் இருந்தாலும் அதேதான். 250 கிராம் இருந்தாலும் அதேதான். ஆகவே, நிற்கும் வண்டியில் மானியை மாட்டிப் பார்த்துவிட்டு, “காஸ் நிறைய இருக்கிறது” என்று சொல்லுகிறவரை நம்ப வேண்டாம். அந்தத் தடுப்பு 28 பவுண்டில் விழுந்துவிட்டதென்றால், காஸ் குறைந்தது என்பது போதாது; அநேகமாய்க் காலி என்றே சொல்ல வேண்டும். ஸ்விச்சு இழுப்புக் குழாயின் பக்கம் உள்ள வண்டிகளில் மட்டும் காஸ் பாதியாகும்போதே தகடு ஒட்டுவதும் விலகுவதுமாகச் சில விநாடிகளுக்கு ஒரு தரம் “டக், டக்” என்று அடித்துக்கொள்ளும்.

எனவே, நல்ல பட்டறைக்காரர் காஸ் நிரப்புவதற்கு முன் ஓட்டையைத் தேடுவார். கல்லடி பட்ட கண்டென்ஸர், குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம், கம்ப்ரஸர் அச்சின் சீல், காஸ் ஏற்றும் வால்வு, எவாப்பரேட்டர் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். காஸ் போன வழியில் எண்ணெயும் கசிந்து அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாய் இருக்கும். கூர்ந்து பார்த்தால் நமக்கே தெரியும். ஓட்டையை அடைத்து, அரை மணி நேரமாவது பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பிறகு மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும் அளவுப்படி தராசில் நிறுத்துக் காஸ் ஏற்ற வேண்டும். கிராம் கணக்கைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தருகிறவர் தொழில் தெரிந்தவர். “கை அளவு தெரியும், ஸார்” என்பவர் சாம்பாருக்கு உப்புப் போடலாம்.

இதில் வீட்டுச் செலவுக்கு அப்பாலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 என்னும் காஸ் வானத்திலுள்ள ஓஸோன் படலத்தை அரிக்கிறது என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் எடுத்துக் காட்டினார்கள்; 1987-ல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி அந்த வகைக் காஸ்களைக் கைவிட உடன்படிக்கை செய்தன. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓஸோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ, கரியமில வாயு 1,430 கிலோவுக்குச் சமம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு சிறு மோட்டாரிலுள்ள 450 கிராமை வெளியே ‘புஸ்’ஸென்று விட்டால், சுமார் 280 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பாகும். ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் காஸ் நிரப்பிக்கொள்ளுகிறவர், தம் வண்டிக்குள் குளிர்ச்சியைத் தேடி ஊருக்கெல்லாம் வெயிலை வாங்கிக் கொடுக்கிறார். 2016-ல் கிகாலி நகரில் செய்த திருத்தத்தின்படி இந்தக் காஸையும் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். புதிதாக வரும் ஆர்-1234ஒய்எப் என்பது கொஞ்சம் தீப்பற்றும் குணமுள்ளது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது.

மேல் எல்லைக்குப் போவோம். நெடுஞ்சாலையில் ஜில்லென்று இருந்து, கிண்டியில் வாகன நெருக்கடியில் நின்றதும் சூடாகிவிடுகிறதா? கண்டென்ஸருக்குக் காற்று வீசும் மின்விசிறியைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று அதன் வேலையைச் செய்கிறது. நின்றால் விசிறிதான் கதி. அது ஓடாவிட்டால் அழுத்தம் ஏறி ஏறி எல்லையைத் தொட்டதும் கிளட்ச் விலகிவிடும். கண்டென்ஸர் இடுக்குகளில் புழுதியும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே கதி. அளவுக்கு மேல் காஸ் ஏற்றினாலும் இதே கதி. “கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறேன்” என்று சொல்பவர் தயாளு அல்ல.

மற்றக் காவற்காரர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவாப்பரேட்டரில் பனி உறையாமல் பார்த்துக்கொள்ள ஓர் உஷ்ணமானி உண்டு. அதன் கம்பி அறுந்தால் கம்ப்யூட்டர் உள்ளே இமயமலை இருப்பதாக எண்ணிக்கொண்டு கிளட்சை ஒட்ட விடாது. இஞ்சின் அதிகமாய்க் கொதித்தாலும், பாட்டரி பலவீனமாயிருந்தாலும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து மலை ஏறினாலும் கம்ப்யூட்டர் கம்ப்ரஸரை விலக்கி வைக்கும். இஞ்சின் கொதிக்கும்போது ஏ.ஸி. நின்றால், அது கோளாறு அல்ல, எச்சரிக்கை. வண்டியை ஓரமாய் நிறுத்த வேண்டும். உதகமண்டலத்தில் மார்கழி விடியற்காலையில் “டக்” கேட்கவில்லையென்று யாரும் பதற வேண்டாம். உஷ்ணம் பூஜ்ய டிகிரிக்குப் போனால் நிறைந்த குழாயிலும் காஸின் அழுத்தம் 28 பவுண்டுக்கு இறங்கிவிடும். சூரியன் வந்தால் சரியாகும்.

உண்மையாகவே நோயுற்ற கம்ப்ரஸரும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, நடுத் தகட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரே சீரான தடையோடு சுற்றினால் நல்லது. அசையவே மறுத்தாலும், கரகரவென்று மணல் அரைப்பது போல் சுற்றினாலும், ஏ.ஸி. போட்டதும் பெல்ட் கிரீச்சிட்டுப் புகைந்தாலும், கம்ப்ரஸரின் கணக்கு முடிந்தது. அப்போது பட்டறைக்காரர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் டிரையரையும் மாற்றிக் குழாய்களையும் கழுவினாரா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, “என் வண்டி புத்தம் புதியது, குளிர் நன்றாயிருக்கிறது, ஆனால் ‘டக்’ ஓசையைக் கேட்டதே இல்லையே?” என்று நேயர் ஒருவர் கேட்கலாம். புது வண்டிகள் பலவற்றில் கிளட்சே கிடையாது. சக்கரமும் அச்சும் எப்போதும் சேர்ந்தே சுற்றுகின்றன; உள்ளே இருக்கும் ஒரு மின்சார வால்வு, காஸை எவ்வளவு அமுக்குவது என்பதை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. அங்கே ஓசையைக் கேட்டுப் பயனில்லை. கம்ப்யூட்டரோடு பேசும் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மின்சார மோட்டார் வண்டிகளிலோ பெல்ட்டும் இல்லை. கம்ப்ரஸரைச் சுழற்றுவது நூற்றுக் கணக்கான வோல்ட் பாயும் தனி மோட்டார். ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பியை அங்கே கண்டால், கையைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைச் சாத்திவிடுங்கள்.